கண்ணாடியில் வராத வண்டி

மொத்தமே நாலு செகண்டு ஓடும் வீடியோ அது. அண்ணி அதைப் பதினேழாவது தடவையாக ஓட விட்டபோது சின்னவன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான்.

"அண்ணி, இது என்ன கல்யாண வீடியோவா? திரும்பத் திரும்பப் பார்த்தா மாப்பிள்ளை மாறிடுவாரா?"

"வாயை மூடிட்டுக் கண்ணைத் தொற," என்றாள் அண்ணி, திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல்.

சின்னவனுக்கு முப்பத்தாறு வயது. வீட்டில் இளையவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், தலையில் பாதி முடி போன பிறகும் போக மாட்டேன் என்கிறது. முன்பு விசேஷ வீடுகளில் கேமரா பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் ஒரே ஊழியன். நிறுவனம் என்று வெளியே பலகையில்தான் எழுதியிருக்கிறது. உள்ளே வந்தால் ரெண்டு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு பக்கம் மட்டும் திரும்பும் ஒரு மின்விசிறி.

மூன்றாவது நாற்காலியில் ஒரு தையற்காரி உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். சேலை முந்தானையில் குத்திய ரெண்டு ஊசிகளைக்கூட எடுக்காமல் கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார். நாற்பது நாளைக்கு முன்னால் அவர் கணவர் செத்துப்போனார். கொன்றது தையற்காரியின் கூடப்பிறந்த அண்ணன் என்று ஊரே சொல்கிறது.

விஷயம் இதுதான். கணவரும் அண்ணனும் ஒரே கிடங்கில் வேலை. கணவர் பெட்டி கட்டுபவர், அண்ணன் பெட்டிகளைத் தூக்கிப் போகும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவர். ஒரு நாள் அண்ணன் குடித்துவிட்டு வந்து வீட்டு வாசலில் ரகளை செய்ய, கணவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். "உன்னைப் பார்த்துக்கறேன்" என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார் அண்ணன். அதற்கு ஐந்தாம் நாள், கிடங்கில் ரெண்டு வழிகள் சந்திக்கும் முனையில், அண்ணன் ஓட்டிய வண்டி கணவர் மேல் ஏறியது.

"கண்ணாடியில யாரும் தெரியலன்னு சொல்றாரு," என்றார் தையற்காரி. அண்ணன் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "முனையில மேல ஒரு வட்டக் கண்ணாடி இருக்கு. அந்தப் பக்கம் யார் வந்தாலும் அதுல பார்த்துட்டுத்தான் திரும்பணும். கிடங்கு மேலாளர் கம்ப்யூட்டர்ல இந்த வீடியோவைச் செய்ய வச்சுக் கொடுத்தாரு. இதுல பாருங்க, என் வீட்டுக்காரர் எவ்வளவு தெளிவா தெரியுறாரு!"

தெளிவாகத்தான் தெரிந்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல் காட்சி. வண்டி முனையை நெருங்குகிறது. கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒரு மனிதர். பார்க்காதவர்களும் பார்க்கட்டும் என்று அவரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வேறு.

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை அதிகாரி முன்னாடி இதைப் போடுவாங்க. பார்த்துட்டு நான் வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணும். வேணும்னேதான் ஏத்தினார்னு நான் எழுதிட்டா கொலை வழக்கு. ஆயுசுக்கும் வெளிய வர முடியாது." அவர் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்மா. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன். தெரியாம மட்டும் என்னால கையெழுத்துப் போட முடியாது."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். ரெண்டேகால் மணி நேரத்தில் ஒருவனைக் காப்பாற்றுவதா, கைகழுவுவதா என்று முடிவு செய்ய வேண்டுமாம்.

அண்ணி படத்தை நிறுத்தினாள்.

"சின்னவனே, நீ ஸ்கூட்டரை முனையில திருப்பும்போது அந்த மாதிரி வட்டக் கண்ணாடி இருந்தா, அதுல முதல்ல என்ன பார்ப்ப?"

"என் அழகைத்தான்."

"கரெக்ட்."

சின்னவன் திடுக்கிட்டான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி அவன் அழகை ஒப்புக்கொண்டதே இல்லை.

"உன் மூஞ்சி தெரியும், உன் ஸ்கூட்டர் தெரியும். அந்தக் கண்ணாடி உப்பலா இருக்கும், ரெண்டு வழியையும் சேர்த்துக் காட்டும். இப்ப இதைப் பாரு. நாலு செகண்டா ஒரு வண்டி கண்ணாடியைப் பார்த்து நேரா வருது. கண்ணாடியில ஆள் இருக்கார். வண்டி எங்க?"

சின்னவன் மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தான். ஆரஞ்சுச் சட்டை மனிதர் இருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி இருந்தது, கூரை விளக்கு இருந்தது. ஆனால் அத்தனை பெரிய வண்டியைக் காணோம்!

"அட, ஆமாம்! அண்ணி, கண்ணாடி பொய் சொல்லுது!"

"கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. வண்டியை எடு."

"நானும் வரேன்," என்று தையற்காரி எழுந்தார். வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்கு மனம் வரவில்லை.

அந்த வீடியோவைச் செய்த ஸ்டுடியோ ஓர் அச்சகத்துக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னல் எல்லாம் கறுப்புத் திரை. உள்ளே ஏசி குளிரில் பல் கிட்டியது. மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்று மட்டும் ஆள் உயரத்துக்கு நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் ஒரு பெண், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். படங்களுக்கு வெளிச்சம் அமைப்பது அவள் வேலையாம்.

ஸ்டுடியோ முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். தையற்காரியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு ஒரு நொடி தடுமாறியதைச் சின்னவன் கவனித்தான்.

"போலீஸ் எடுத்த அளவு, அன்னிக்கே எடுத்த ஃபோட்டோ, எல்லாத்தையும் வச்சு அங்குலம் அங்குலமா செஞ்சதுங்க. தூண், பெட்டி, கண்ணாடி, ஒண்ணுகூட இடம் மாறல. கிடங்குல மறுநாளே எல்லாத்தையும் மாத்தி அடுக்கிட்டாங்க. அன்னிக்கு இருந்தது இருந்தபடி இப்ப எங்க மெஷினுக்குள்ள மட்டும்தான் இருக்கு."

"நல்லது," என்றாள் அண்ணி. "அப்போ கண்ணாடி முன்னாடி வர்ற வண்டி ஏன் கண்ணாடியில வரல?"

முதலாளியின் கை தாடிக்குப் போனது. சால்வைப் பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"அது வந்துங்க... டெக்னிக்கல் விஷயம்."

"சொல்லுங்க. புரியலன்னா இவன்கிட்ட கேட்டுக்கறேன். இவனுக்கும் புரியாது, ஆனா தைரியமா சொல்லுவான்."

முதலாளி பெருமூச்சு விட்டார். "கம்ப்யூட்டரை நாங்க ரெண்டு விதமா வேலை வாங்குவோம். ஒண்ணு பிரிவியூ. உடனே வரும், பார்க்க ஓரளவு இருக்கும். இன்னொண்ணு ஃபைனல் ரெண்டர். நிஜ வெளிச்சம் எப்படிப் போகுமோ அப்படியே ஒவ்வொரு கதிரா துரத்திக் கணக்குப் போடும். விளக்குல கிளம்பி, பெட்டியில பட்டு, கண்ணாடியில பட்டு, கண்ணுக்கு வர்ற வரைக்கும். ஒரு படத்துக்கு அம்பத்தஞ்சு நிமிஷம். ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். நாலு செகண்டுக்கு நூறு. ராத்திரி பகலா ஓடினாலும் நாலு நாள் ஆகும்."

"ஓஹோ," என்றான் சின்னவன். "ஒண்ணு நெத்தியில கை வச்சுப் பார்த்துக் காய்ச்சல்னு சொல்றது. இன்னொண்ணு தெர்மாமீட்டர்."

"அதேதான்!" என்றாள் சால்வைப் பெண், தன்னை மறந்து.

"சரி, பிரிவியூவுல கண்ணாடியை எப்படிச் செய்வீங்க?" அண்ணி இப்போது அவளைப் பார்த்தே கேட்டாள்.

அவள் முதலாளியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "கண்ணாடிக்குக் கணக்குப் போட நேரமாகும் மேடம். அதனால ஒரு ஏமாத்து வேலை செய்வோம். கிடங்குல ஏதாவது ஒரு இடத்துல நின்ன மாதிரி கம்ப்யூட்டர் சுத்திலும் ஒரே ஒரு படம் எடுத்து வச்சுக்கும். பளபளன்னு எது இருந்தாலும் அந்தப் படத்தையே அதுமேல ஒட்டிடும். வண்டி வர்றதுக்கு முன்னாடி எடுத்த படம். அதான் வண்டி இல்ல."

"எந்த இடத்துல நின்னு எடுத்தது?"

"ரெண்டு வழியும் சேர்ற நடு இடத்துல."

"அங்க நின்னா அந்தப் பக்கம் இருக்கற ஆள் நேராவே தெரிவார். கண்ணாடி எதுக்கு?" அண்ணியின் குரல் தணிந்திருந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். "ஓட்டுறவர் நடு இடத்துல இல்ல. இருபதடி தள்ளி இருக்கார். அவர் கண்ணாடியில என்ன பார்த்திருப்பார்?"

"பிரிவியூவை வச்சுச் சொல்ல முடியாது மேடம். ஃபைனல்ல போட்டாத்தான் தெரியும்." அவள் தலை குனிந்தது. "இதையும் ஃபைனல்லதான் போடணும்னு இருந்தேன். நேரமில்ல, பிரிவியூவையே மெருகு போட்டுக் கொடுன்னு சார் சொல்லிட்டார். நான்தான் போட்டேன். அதான் பார்க்க ஃபைனல் மாதிரியே இருக்கு."

மணி ரெண்டு நாற்பது. விசாரணை அறைக்கு இங்கிருந்து இருபது நிமிடம்.

"அந்தச் சிவப்பு வட்டம் போட்ட ஒரே ஒரு படம். அதை மட்டும் ஃபைனல்ல போடுங்க," என்றாள் அண்ணி.

முதலாளி முகம் மலர்ந்தது. "தாராளமா! நானே போடறேன். அம்பத்தஞ்சு நிமிஷம். டீ சாப்பிடறீங்களா? பிஸ்கட்?"

அவரே உட்கார்ந்து தட்டினார். திரையின் மேல் மூலையிலிருந்து சின்னச் சின்னச் சதுரங்களாகக் கூரை நிரம்பத் தொடங்கியது. டீ வந்தது. தையற்காரி கோப்பையைத் தொடவே இல்லை. இதுவரை தான் செய்த விசாரணைகளிலேயே தரம் கெட்ட டீ இதுதான் என்று சின்னவன் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு அண்ணி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இருபது நிமிஷத்துல பத்து பர்சென்ட்தான் ஆகியிருக்கு. அம்பத்தஞ்சு நிமிஷத்துல எப்படி முடியும்?"

"ஆரம்பத்துல மெதுவாத்தாங்க போகும்."

"நான் கேட்டது கண்ணாடி. நீங்க கூரையைச் செஞ்சுட்டு இருக்கீங்க. அப்புறம் சுவர், தரை, மூலையில இருக்கற துடைப்பம். இதெல்லாம் எனக்கு எதுக்கு? கண்ணாடியை மட்டும் போட முடியாதா?"

"அப்படியெல்லாம் தனியா பிரிக்க முடியாதுங்க. படம்னா முழுசாத்தான்."

"முடியும் சார்."

சொன்னது சால்வைப் பெண். முதலாளி அவளை முறைத்த முறைப்பில், நாளைக்கு அவளுக்கு இங்கே வேலை இல்லை என்று சின்னவனுக்கே புரிந்துவிட்டது. அவள் எழுந்து வந்தாள். "தள்ளிக்கோங்க சார்" என்று சொல்லி, அவர் எழுந்ததும் உட்கார்ந்தாள். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். கண்ணாடியைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் இழுத்தாள்.

"சாருக்குத் தெரியாம இருக்காது. ஒவ்வொரு புள்ளிக்கும் போடற கணக்கையும் நாலு மடங்கு ஏத்தி வச்சிருக்கார். நான் சரியான அளவுல வைக்கறேன். பதினெட்டு நிமிஷம்."

"மூணு நாலு," என்று மணி பார்த்தான் சின்னவன். "மூணு இருபத்திரண்டு. முடியும் அண்ணி!"

கட்டத்துக்குள் முதலில் வெறும் புள்ளிகள்தான் கொட்டின. கறுப்பும் சாம்பலும் மணல் மணலாக. தெளியத் தெளியத்தான் உருவம் வரும் என்றாள் அவள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தையற்காரி சுவரில் சாய்ந்து, ரெண்டு கையாலும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று பத்துக்குப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு நிறம் வந்தது. முதலில் கறை போல. அப்புறம் கொஞ்சம் பெரிதாக.

ஆரஞ்சு.

சின்னவனுக்குத் தலையில் கல் விழுந்தாற்போல் இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"அது அவரோட சட்டை," என்றார் தையற்காரி. குரலே வேறு யாருடையதோ போல வந்தது. "தோள் லூஸா இருக்குன்னு நான்தான் பிடிச்சுத் தைச்சுக் கொடுத்தேன். அவர்தான். அப்ப இந்தக் கண்ணாடியிலயும் தெரியுறார்."

"உக்காருங்கம்மா. இன்னும் பாதிகூட ஆகல," என்றாள் அண்ணி.

"போதும்மா. ரெண்டுல ஒண்ணு தெரியணும்னு கேட்டேன். தெரிஞ்சிடுச்சு." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பார்த்துட்டேதான் ஏத்தியிருக்கான். ஒரே வயித்துல பிறந்தவன்!"

கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது. சின்னவன் பின்னால் ஓடப் போனான். அண்ணி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"இரு! போய் என்ன சொல்லுவ? கையில என்ன இருக்கு உனக்கு?"

"அதுக்காக அவங்க கையெழுத்துப் போட்டுட்டா?"

"முதல்ல முடியட்டும்."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏசியில் ஒருவனுக்கு ஏன் வியர்க்கிறது என்று சின்னவன் யோசிப்பதற்குள், சால்வைப் பெண் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"மேடம், இங்க பாருங்க."

புள்ளிகள் அடங்கிக்கொண்டிருந்தன. ஆரஞ்சுக் கறைக்கு ஓரங்கள் முளைத்தன. நேர் ஓரங்கள். மனிதனுக்கு எங்கே நேர் ஓரம் இருக்கும்? கறை ரெண்டாகப் பிரிந்தது, ரெண்டு கம்பங்களாக நின்றது. அவற்றுக்கு நடுவில் இரும்புச் சங்கிலி. அதற்குப் பின்னால் ஒரு கூண்டு. கூண்டுக்குள், கடுகளவு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மனிதர்.

"வண்டி!" என்று கத்தினான் சின்னவன். "அண்ணி, வண்டியே ஆரஞ்சு நிறம்! அவர் தன்னோட வண்டியைத்தான் கண்ணாடியில பார்த்திருக்கார்!"

"அந்த ஆள் எங்க?" என்றாள் அண்ணி.

சால்வைப் பெண் படத்தைப் பெரிதாக்கினாள். இந்த மூலை, அந்த மூலை எல்லாம் போய்ப் பார்த்தாள். ஆரஞ்சு வண்டிக்குப் பக்கத்தில் கண்ணாடி முழுக்க அட்டைப்பெட்டிகள், மலை மாதிரி. பக்கத்துத் தூணில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேல் அடுக்கக் கூடாது என்று போட்ட கோடு. பெட்டிகள் அதைத் தாண்டி இன்னும் மூணு வரிசை ஏறியிருந்தன.

"பெட்டிக்குப் பின்னாடி இருக்கார். கண்ணாடியில ஒரு நூல்கூடத் தெரியல மேடம்."

முகம் தெரியாத அந்த ஓட்டுநருக்காக, நாற்பது நாளாக ஒரே பதிலைச் சொல்லி யாரும் நம்பாத அந்த மனிதருக்காக, சின்னவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மணி மூன்று இருபத்திரண்டு. மெஷின் உறுமல் தணிந்தது. திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

'இதே பெயரில் ஏற்கனவே ஒரு படம் உள்ளது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கவா?'

முதலாளியின் கை சால்வைப் பெண்ணின் தோளைத் தாண்டி மவுசுக்கு நீண்டது. "ஆமாம்னு போடு, போட்டுட்டு முடி, நேரமாகுது பாரு..."

"கையை எடுங்க!"

அண்ணி குரலை உயர்த்திச் சின்னவன் கேட்டதே இல்லை. முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது.

"இந்தப் படத்தை ஃபைனல்ல போட நேரமே இல்லன்னு சொன்னீங்க. அப்போ பழசு எங்கிருந்து வந்துச்சு?"

சால்வைப் பெண் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். ஃபோல்டரைத் திறந்தாள். பழைய படத்தின் தேதி, மூன்று வாரத்துக்கு முந்தையது.

"அந்த வாரம் நான் லீவு," என்றாள் மெதுவாக. "இது நான் போட்டதில்ல."

படம் முழுத் திரைக்கு விரிந்தது. கூரை, தரை, துடைப்பம் உட்பட எல்லாம் அப்பழுக்கில்லாமல். கண்ணாடியில் அதே ஆரஞ்சு வண்டி, அதே பெட்டி மலை. ஆள் இல்லை.

"கஸ்டமர் கேட்டாருங்க," முதலாளியின் குரல் உள்ளே போய்விட்டது. "மாதிரிக்கு ஒரு படம் ஃபைனல்ல போட்டுக் காட்டுன்னு கிடங்கு மேலாளர் கேட்டார். போட்டு அனுப்பினேன். ஆள் மறைஞ்சு போறாரேன்னு நானே சொன்னேங்க. மறையுற படம் எனக்கு எதுக்கு, தெரியுற படத்தைக் கொடுன்னு எழுதிட்டார். நான் என்ன செய்ய?"

"எழுதிட்டாரா?" அண்ணியின் கண் மின்னியது. "எழுதினாரா, சொன்னாரா?"

முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். அந்த மெயிலைத் தேடி எடுக்கச் சால்வைப் பெண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பெட்டியைக் கோட்டுக்கு மேல அடுக்க விட்டதுக்குப் பொறுப்பு அந்த மேலாளர்தான்," என்றாள் அண்ணி, காகிதங்கள் அச்சாகி வரும்போது. "நிஜப் படம் வந்தா மாட்டுறது அவர். பிரிவியூ வந்தா மாட்டுறது ஓட்டுநர். அவசரத்துல நடந்த தப்புன்னு இவ்வளவு நேரம் நினைச்சேன் சின்னவனே. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துத்தான் ஒண்ணை எடுத்திருக்கான் பாவி."

தையற்காரியின் ஃபோன் அணைந்து கிடந்தது. நாலு தடவை போட்டும் அதே கதை.

"நானும் வரேன் மேடம்," என்று சால்வைப் பெண் ஹெல்மெட்டை எடுத்தாள். "மெருகு போட்டவ நான். என்னன்னு நானே சொல்றேன்."

சின்னவன் அன்று ஓட்டிய மாதிரி வாழ்நாளில் ஸ்கூட்டர் ஓட்டியதில்லை. ரெண்டாவது சிக்னலில் லாரி ஒன்று குறுக்கே நின்று உயிரை வாங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி காகித உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "போ, போ, போ" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "இறங்கித் தள்ளுங்க, போறேன்" என்று சொல்ல அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. அவனுக்கே பயமாக இருந்தது.

விசாரணை அறைக் கதவைத் தள்ளியபோது மணி மூன்று ஐம்பத்தாறு. எல்லாரும் வந்துவிட்டார்களே என்று பத்து நிமிடம் முன்னதாகவே தொடங்கியிருந்தார்கள். சுவரில் அந்த வீடியோ சிவப்பு வட்டத்தோடு நின்றிருந்தது. நீள மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு, சலவைச் சட்டை கசங்காமல், கிடங்கு மேலாளர். ஓரத்து பெஞ்சில் ரெண்டு காவலர்களுக்கு நடுவில் ஓட்டுநர். தாடி மண்டி, தலை தொங்கிக் கிடந்தது. மேஜை முன்னால் தையற்காரி, கையில் பேனாவோடு குனிந்திருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க!" என்று கத்தினான் சின்னவன்.

"யார்யா நீங்க? வெளிய போங்க!" அதிகாரி எழுந்தார்.

"ஒரே ஒரு நிமிஷம் சார்." அண்ணி நேராகப் போய், தையற்காரியின் பேனாவுக்கும் தாளுக்கும் நடுவில் அந்தப் படத்தை வைத்தாள். "நீங்க பாதியில எழுந்து போயிட்டீங்கம்மா. மீதியைப் பாருங்க. அந்த ஆரஞ்சு சட்டை இல்ல. வண்டி."

தையற்காரி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். விரலால் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். அதிகாரியும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். சால்வைப் பெண் முன்னால் வந்து, பிரிவியூ என்றால் என்ன, ஃபைனல் என்றால் என்ன, சுவரில் தெரியும் படம் ஏன் பொய் என்று, குரல் நடுங்க நடுங்க, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

தையற்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன்மா. நிஜத்தைச் சொல்லணும். அவருக்கு வண்டி வர்றது தெரிஞ்சிருக்குமா? நாற்பது நாளா எனக்குத் தூக்கமில்ல. மச்சானே நம்ம மேல ஏத்த வர்றானேன்னு பார்த்துட்டே செத்திருப்பாரோ, கடைசியில அதைத்தான் நினைச்சிருப்பாரோன்னு..."

"இல்லக்கா," என்றாள் சால்வைப் பெண். அவள் கண்ணிலும் நீர் கட்டியிருந்தது. "வெளிச்சம் போன வழியாத்தான் திரும்பி வரும். வண்டியில இருந்தவருக்கு அவர் தெரியலன்னா, அந்தக் கண்ணாடியில அவருக்கும் வண்டி தெரிஞ்சிருக்காது. அவர் எதையும் பார்க்கல."

தையற்காரி தலையாட்டினார். அப்புறம் மெல்ல நடந்து ஓரத்து பெஞ்சுக்குப் போனார். காவலர்கள் தடுக்கவில்லை. அண்ணனின் நெஞ்சில் ரெண்டு கையாலும் அடித்தார், ஒரு தடவை, ரெண்டு தடவை.

"ஏன்ணே, கத்திச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? பார்க்கலன்னு எங்கிட்ட வந்து கத்தியிருக்க வேண்டியதுதானே!"

"சொன்னேனேம்மா," என்றார் அவர். "அன்னிக்கே சொன்னேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே."

நாற்பது நாளாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கூடியிருந்தவர்கள் நடுவில், அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, செத்துப்போன புருஷனுக்காக அவர் வாய்விட்டு அழுதார். சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது முன் வரிசை நாற்காலி காலியாக இருந்தது. மேலாளர் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" சின்னவன் கதவுக்குக் குறுக்கே போய் நின்றான். "நீங்க போட்ட மெயில் ஒண்ணு இருக்கு. படிக்க வேணாமா?"

அண்ணி அதை அதிகாரி முன்னால் வைத்தாள். அவர் சத்தமாகவே படித்தார். தேதியையும் சேர்த்து.

தையற்காரியின் அழுகை நின்றது. எழுந்து, ஒவ்வொரு அடியாக நடந்து வந்து, மேலாளரின் எதிரில் நின்றார்.

"மூணு வாரம்," என்றார். "கூடப்பிறந்தவன் நாசமாப் போகணும்னு தினமும் விளக்கேத்திச் சாபம் கொடுத்தேன். மூணு வாரமா உங்களுக்குத் தெரியும்."

தையற்காரி மேஜைக்கு வந்தார். எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை நாலாகக் கிழித்தார். பேனாவை எடுத்துக்கொண்டார்.

"சார், வேற தாள் கொடுங்க."

அதிகாரி ஒரு கட்டு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.